தாடிபாலெத்தின் ஒரே பீடிக்காரன்

எங்கள் மீனவ ஊரான தாடிபாலெத்தில் புகைபிடிக்கிறவன் ஒரே ஒருவன்தான். அது நான். மற்ற எல்லோரும் விட்டுவிட்டார்கள். இதை நான் சொல்லவில்லை, புகை துறந்தோர் நல வாரியம் சொல்கிறது. வாரியம் சொன்னால் சொன்னதுதான். அதை மறுத்துப் பேச நான் யார்? வலை போட்டுப் பிழைக்கிறவன், பெயர் தானய்யா. என் பேச்சை என் வீட்டுக் கோழியே கேட்பதில்லை.

வாரியத்தின் ஜீப் முதல்முறை ஊருக்குள் வந்தபோது ஆண்கள் எல்லோரும் கடலில் இருந்தார்கள். எனக்குக் கால் சுளுக்கு. தோணி நிழலில் காலை நீட்டிக்கொண்டு பீடி இழுத்துக்கொண்டிருந்தேன். ஜீப்பிலிருந்து ஹைமாவதி மேடம் இறங்கினார். கள ஆய்வு அதிகாரி. நேராக என்னிடம் வந்து குனிந்து பார்த்தார். என்னை அல்ல, என் பீடியை.

"எரியுது" என்றார் உதவியாளரிடம். உதவியாளர் எழுதிக்கொண்டார்.

வாரியத்தின் விதி அதுதான். எரிகிற முனையை அதிகாரி தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால் புகைப்பவர். பார்க்காவிட்டால் துறந்தவர். நடுவில் வேறு சாதி கிடையாது.

அடுத்துப் பெண்களிடம் போனார். மீன் கூடைகளோடு கரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி வாயிலும் சுருட்டு இருந்தது. எங்கள் கரையில் பெண்கள் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துக்கொள்வார்கள். நெருப்பு உள்ளே, வால் வெளியே. கடற்காற்று எவ்வளவு அடித்தாலும் அணையாது, தலையில் கூடையைச் சுமந்து நடக்கும்போது கையும் வேண்டாம். பழகியவளுக்கு நாக்கும் சுடாது, பேச்சும் நிற்காது. வாயாடவும் செய்வாள், சண்டையும் போடுவாள், சுருட்டு அசையாமல் அங்கேயே இருக்கும். அம்மாக்காரி பிடித்தாள், மகள் பிடிக்கிறாள். இதில் என்ன அதிசயம் என்றுதான் நாங்கள் இருந்தோம்.

ஹைமாவதி மேடம் நகரத்திலிருந்து வந்தவர். காசுலம்மாவின் வாயிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சுருட்டு வாலை உற்றுப் பார்த்தார். விரல் நுனியால் தொட்டும் பார்த்தார். சுடவில்லை.

"இதுல நெருப்பே இல்லையே?"

"நெருப்பு எதுக்கு மேடம்? சும்மா வாய்க்குத் துணையா வச்சிருக்கோம்" என்றாள் காசுலம்மா. சொல்லும்போதே மூக்கு வழியாகப் புகை வந்தது.

"அப்போ அந்தப் புகை?"

"அதுவா? காலைல அடுப்பு ஊதினேன் மேடம். அப்ப உள்ள போனது, இப்பத்தான் வெளிய வருது."

கரையே சிரித்தது. என் மனைவி அப்பயம்மா கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை. எழுதச் சொன்னார்: "இவ்வூர்ப் பெண்கள் பற்றவைக்காத சுருட்டை வாயில் வைத்துப் புகைப்பழக்கத்தை வெல்லும் அரிய பாரம்பரிய முறையைக் கையாள்கின்றனர்."

கடலுக்குப் போன ஆண்களைப் பற்றிக் கேட்டார். "அவங்களா? பீடி நாத்தத்தக்கூட முகர மாட்டாங்க" என்றார்கள் பெண்டாட்டிமார்கள். அதையும் எழுதிக்கொண்டார்கள். ஜீப் போய்விட்டது. அன்று முழுக்க எங்கள் ஊரில் அதுதான் பேச்சு, அதுதான் சிரிப்பு.

சிரித்து முடிப்பதற்குள் வாரியம் பந்தல் போட வந்துவிட்டது.

புகையை விட்டால் உடம்புக்கு நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். நாடித் துடிப்பு நிதானப்படும், மூச்சு இளகும், நாக்குக்கு ருசி திரும்பும், வருடங்கள் போகப் போகப் பெரிய வியாதிகளின் பயம் குறையும். இதெல்லாம் தானாக நடக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது தப்பாம். வாரியத்தின் இயக்குநர் பத்மநாப ராஜு பந்தலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு விளக்கினார்.

"அன்பான பயனாளிகளே! புகையை விட்ட இருபதாவது நிமிஷத்துல இதயம் ஒழுங்கா துடிக்கத் தொடங்குது. இது விஞ்ஞானம். ஆனா இதுவரைக்கும் என்ன நடந்துச்சு? யார் வேணா விட்டாங்க, யாருக்கு வேணா துடிச்சுது! ஒரு கணக்கு இல்ல, ஒரு மேற்பார்வை இல்ல, ஒரு கையெழுத்து இல்ல. தகுதி இல்லாதவன் இதயம்கூட சீராகிட்டு இருந்துச்சு! இந்த அராஜகத்துக்கு நம்ம வாரியம் முற்றுப்புள்ளி வச்சிருக்கு. இனிமே ஒவ்வொரு பயனும் முறைப்படி வழங்கப்படும். முதல் பயன் நாடி, ரெண்டாம் பயன் மூச்சு, மூணாம் பயன் ருசி, நாலாம் பயன் வியாதியிலருந்து விடுதலை. யாரும் அவசரப்பட்டு முன்னாடியே அனுபவிச்சிடக் கூடாது."

பெண்கள் எல்லோரும் இடது மணிக்கட்டில் வலது விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் ஆனதும் மணி அடித்தார்.

"முதல் பயன் வழங்கப்பட்டது!"

கைதட்டல். எல்லோருக்கும் புளியோதரைப் பொட்டலம். பொட்டலத்தை வாங்கக் கை நீட்டிய பெண்களின் வாயிலிருந்து சுருட்டு வால் நீட்டிக்கொண்டிருந்தது. பாரம்பரிய முறையைப் பத்திரிகைக்காரர்கள் படம் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்குத் தனிக் குடை, தனி நாற்காலி, மேலே ஒரு பலகை: "பயன் பெறாதவர்." எனக்குப் புளியோதரை கிடையாது. ஆனால் வேறொன்று கிடைத்தது. ஊரின் ஒரே புகைப்பாளி என்பதால் மாதா மாதம் ஒரு டாக்டர் என் வாயைப் பார்க்க வந்தார். கிருபானந்தம் என்று பெயர், சின்ன வயது, அதிகம் பேசமாட்டார். என்னை வெயிலில் உட்காரவைத்து, அண்ணாந்து பார்க்கச் சொல்லி, டார்ச் அடித்து, மேலண்ணம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி என்று துழாவிப் பார்ப்பார். "நல்லா இருக்கு" என்பார். போய்விடுவார்.

"ராஜ வாழ்க்கைதான் மாமா உனக்கு" என்பாள் அப்பயம்மா. "உன் வாயப் பார்க்க ஜீப்பு, டார்ச்சு, டாக்டரு. என் வாய யாரு பார்க்கறா?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

மூன்றாம் பயன் வழங்கும் நாள் வந்தது. ருசி. வரிசையில் நிற்கவைத்து ஒவ்வொருத்தி நாக்கிலும் ஹைமாவதி மேடம் ஒரு கரண்டி புளிக்கரைசல் விட்டார். ருசி தெரிந்ததா என்று கேட்பார், தெரிந்தது என்று சொல்ல வேண்டும். அப்பயம்மாவின் முறை வந்தது. கரைசல் உள்ளே போனதும் அவள் உடம்பு வெட்டி இழுத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க சார், பாருங்க! எத்தனையோ வருஷம் கழிச்சு ருசி திரும்பியிருக்கு. ஆனந்தக் கண்ணீர்!"

இயக்குநர் ஓடிவந்து அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம்தான் பிறகு மாவட்டம் முழுக்கச் சுவர்களில் ஒட்டப்பட்டது.

கொஞ்ச நாளாகவே அவள் மீன் குழம்பைத் தொடுவதில்லை. கஞ்சியை ஆறவைத்துக் குடித்தாள். கேட்டால், பல்லில் ஏதோ குத்துகிறது என்பாள். அன்று வீட்டுக்குப் போனதும் கொல்லைப்புற வெயிலில் உட்காரவைத்தேன்.

"வாயத் திற."

"நீ என்ன டாக்டரா?"

"திறடீ."

திறந்தாள். சுருட்டுப் பிடிக்கிற எல்லாப் பெண்களுக்கும் மேலண்ணம் வெளுத்துத் தடித்து, நடுநடுவே சிவப்புப் புள்ளியாகத்தான் இருக்கும். அது எங்களுக்கு வழக்கம். ஆனால் இடது பக்கம் வேறொன்று இருந்தது. புளியங்கொட்டை அளவு பள்ளம், சுற்றிலும் தடித்த சிவப்பு விளிம்பு. அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். வாயிலிருந்து எடுத்து வைத்திருந்த சுருட்டைக் காலடியில் போட்டு நசுக்கினாள்.

வாரியம் சொல்லாமல், மணி அடிக்காமல், அவள் உண்மையாகவே புகையை விட்டது அன்றைக்குத்தான்.

என்ன பாடுபட்டாள் தெரியுமா! கோழியைத் திட்டினாள், கடலைத் திட்டினாள், என்னைத் திட்டுவதற்கு வார்த்தை போதாமல் என் செத்துப்போன அப்பாவைத் திட்டினாள். கை சுருட்டைத் தேடித் தேடித் தவித்தது. இளநீர் மட்டையை நறுக்கிக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெல்ல மெல்ல அடங்கியது. காலை இருமல் நின்றது. ஒருநாள் கூடையோடு மணல்மேட்டில் ஏறி மேலே போய்த் திரும்பி நின்று கத்தினாள்: "மாமா! மூச்சு முட்டலய்யா!" அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். யாரும் வழங்காத பயன் அது.

புண் மட்டும் ஆறவில்லை.

டாக்டர் கிருபானந்தம் வந்தபோது, "என் வாய் கிடக்கட்டும் பாபு, என் பொண்டாட்டி வாயப் பாருங்க. சுருட்ட விட்டும் புண்ணு ஆறல" என்றேன். படித்தவர்களை நாங்கள் பாபு என்றுதான் கூப்பிடுவோம். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். ஜீப்பில் உதவியாளர் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு உங்க வாயைப் பார்க்கத்தான் அனுமதி" என்றார் தணிந்த குரலில். "சுருட்டை விட்டுட்டாங்களா? நிஜமாவா? நல்லது. விட்டாலே பல பேருக்கு அந்த வெளுப்பு தானா மாறிடும். விட்ட பிறகும் ஆறாத புண்ணுன்னா காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, சீக்கிரம்."

கூட்டிக்கொண்டு போனேன். மாவட்ட ஆஸ்பத்திரியில் வாய்ப் பிரிவுக் கதவில் பூட்டுத் தொங்கியது. அந்தப் பிரிவையே வாரியம் எடுத்துக்கொண்டதாம். வாரியத்தின் சீட்டு இருந்தால்தான் திறப்பார்களாம். ஆக, வாரிய அலுவலகத்துக்குப் போனோம். நுழைகிற இடத்திலேயே, ஆள் உயரத்துக்கு, என் மனைவி ஆனந்தக் கண்ணீர் வடித்துக்கொண்டு நின்றாள். உண்மையான அப்பயம்மாவைக் காவலாளி உள்ளே விடமாட்டேன் என்றான். கெஞ்சிக் கூத்தாடித்தான் உள்ளே போனோம்.

இயக்குநர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார்.

"வாய்ல புண்ணா? இருக்க முடியாதே! உங்களுக்கு மூணாம் பயன் வரைக்கும் வழங்கியாச்சேம்மா. நாலாம் பயன் விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு. வியாதியிலருந்து விடுதலை ஆகப்போறவங்க, இந்த நேரத்துல வியாதியோட வந்து நிக்கலாமா?"

"ஒரே ஒரு தடவ பாருங்க பாபு" என்று அப்பயம்மா வாயைத் திறந்தாள்.

இயக்குநர் சட்டென்று மின்விசிறிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "மூடுங்கம்மா, மூடுங்க! நான் பார்த்துட்டா அது இருக்குன்னு ஆயிடும். பார்க்காத வரைக்கும் அது உங்க குடும்ப விஷயம்."

"நான் இவ்வளவு நாளா சுருட்டு பிடிச்சேன் பாபு. இப்பத்தான் விட்டேன்."

ஹைமாவதி மேடம் பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்கு வருத்தமாகிவிட்டது. "என் ஆய்வையா சந்தேகப்படறீங்க? உங்க சுருட்டு வெளிய எரிஞ்சு யாராவது பார்த்திருக்காங்களா?"

"என் சுருட்டு என்னைக்குமே வெளிய எரிஞ்சதில்ல மேடம்."

"அப்போ நீங்க என்னைக்குமே புகைபிடிச்சதில்ல."

"பிடிச்சேன் மேடம்!"

"சரி, பிடிச்சுக் காட்டுங்க" என்றார் இயக்குநர். "என் கண் முன்னாடி, எரியற முனை வெளிய தெரியற மாதிரி. உங்களைப் புகைப்பவர்னு மாத்திடறேன். சீட்டும் கிடைக்கும்."

அப்பயம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "அதான் விட்டுட்டேனே பாபு. செத்துப் பொழச்சு விட்டேன். மறுபடி எப்படித் தொடுவேன்?"

இயக்குநர் மேசையைத் தட்டினார். "விட்டுட்டீங்க! இதைத்தானேம்மா நாங்களும் முதல்லருந்து சொல்லிட்டு இருக்கோம்!" அறையில் இருந்த நாலு பேரும் கைதட்டினார்கள். காவலாளிகூட வாசலில் நின்று தட்டினான்.

கிளம்பும்போது இயக்குநர் என் தோளில் கை போட்டு வராந்தா வரைக்கும் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தானய்யா, தப்பா எடுத்துக்காதே. உன் பொண்டாட்டி வாய்ல ஒண்ணு இருக்குன்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு எல்லார் வாயையும் பார்க்கணும்பாங்க. எல்லார் வாயையும் பார்த்தா எல்லார் வாய்லயும் இருக்கும். அப்புறம் நாங்க வழங்கினதெல்லாம் என்ன ஆகறது? ஒரு நிறுவனத்தைக் கட்டி எழுப்பறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியுமா?"

நாங்கள் ஊர் திரும்புவதற்கு முன்பே செய்தி திரும்பியிருந்தது. ஊர்ப்பெரியவர் மசேனு எங்கள் வீட்டு வாசலில் காத்திருந்தார். என்னைக் கணக்கில் சேர்க்காமல் புகையற்ற ஊர் என்று விருது கொடுத்தால் அதோடு பனிக்கட்டி அறையும் கட்டித் தருவதாக வாரியம் சொல்லியிருந்தது. பிடித்த மீன் கெடாமல் இருக்கும், வியாபாரிகள் கேட்ட விலைக்குக் கொடுத்துத் தொலைக்க வேண்டியதில்லை. ஊரே அதற்காக ஏங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு வாய்க்காக ஊர் வாய்ல மண்ணப் போடாத தானய்யா" என்றார் மசேனு. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவருக்குப் பின்னால் பெண்கள் நின்றிருந்தார்கள். சுருட்டு வால்கள் மட்டும் மூடிய உதடுகளிலிருந்து வெளியே நின்றன. அன்றைக்குக் காசுலம்மாவும் கேலி பேசவில்லை. அப்பயம்மாவின் பக்கத்தில் வந்து, "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அப்பயம்மா கூழைக்கூட அழுதுகொண்டே விழுங்கினாள். வாய் திறப்பது குறைந்தது. திட்டுவதும் நின்றுபோனது. அவள் திட்டாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நாலாம் பயன் விழாவுக்குக் கடற்கரையில் மேடை போட்டார்கள். பெரிய வெள்ளைத் திரை கட்டினார்கள். அப்பயம்மாவுக்கு மேடை நடுவில் பட்டுத்துணி போர்த்திய நாற்காலி. முன்னுதாரணப் பெண்மணி. "வரலைன்னா?" என்று கேட்டேன். "வந்துடுவாங்க" என்றார் ஹைமாவதி மேடம். மசேனுவின் பையன்கள் இரண்டு பேர் வீட்டு வாசலில் நின்றிருந்தார்கள்.

எனக்கும் மேடையில் வேலை இருந்தது. புகைப்பவனின் வாய் எப்படி அழுகிப்போகும் என்று மக்களுக்குக் காட்டப்போகிறார்களாம். டாக்டர் கிருபானந்தம் பேனா பருமனில் ஒரு கேமராவை வைத்துக்கொண்டு நின்றார். அதை வாய்க்குள் விட்டால் திரையில் தெரியும்.

"இப்போது நீங்கள் பார்க்கப்போவது மனதைக் கலங்கடிக்கும் காட்சி!" என்று இயக்குநர் அறிவித்தார். "கர்ப்பிணிகள் கண்ணை மூடிக்கொள்ளவும்!"

என் வாய் திரையில் விரிந்தது. பல் கறை, அங்கங்கே சொத்தை. மேலண்ணம் இளஞ்சிவப்பாக, சுத்தமாக இருந்தது. கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. "எங்க? எங்க?" என்று ஒரு குரல் கேட்டது.

"பார்த்தீர்களா இந்தக் கொடூரத்தை!" என்றார் இயக்குநர். கூட்டம் உச்சுக் கொட்டியது.

அப்போது அப்பயம்மா பட்டு நாற்காலியிலிருந்து எழுந்தாள். நேராக என்னிடம் வந்தாள்.

"எழுந்திரு மாமா."

எழுந்தேன். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணாந்து, வாயை அகலத் திறந்தாள். டாக்டர் இயக்குநரைப் பார்க்கவில்லை. கேமராவை உள்ளே விட்டார்.

தோணி அளவுக்குத் திரையில் தெரிந்தது அது. பள்ளம் இப்போது பெரிதாகியிருந்தது. விளிம்பு பிதுங்கி, நடுவில் சீழ் கட்டி, பக்கத்தில் இன்னொன்று கிளம்பியிருந்தது. ஒலிபெருக்கியில் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்தியும் அசையவில்லை.

இயக்குநர் பெரிய படிப்பாளி. அவருக்கு யோசிக்க ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

"மக்களே!" என்றார். குரல் உடைந்திருந்தது, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "நம் வாரியத்தின் தலைசிறந்த பயனாளி. புகையைத் துறந்த புனிதவதி. இவருக்கு ஏன் இந்தக் கதி? யார் கொடுத்தது? அதோ நிற்கிறான்! இந்த ஊரின் ஒரே புகைப்பாளி! இவன் இழுத்து விட்ட புகையை, பக்கத்தில் படுத்த பாவத்துக்கு, இந்தப் பெண் சுவாசித்தாள். நாம் மூன்று பயன் கொடுத்தோம். இவன் ஒரே பீடியால் மூன்றையும் பிடுங்கிக்கொண்டான்!"

கூட்டம் ஊளையிட்டது. ஒரு பிடி மணல் என் முகத்தில் வந்து விழுந்தது.

"ஒத்துக்கறியா?" என்று இயக்குநர் மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் கேமராவைத் துடைத்தபடி, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "அடுத்தவர் புகையால பாதிக்கப்பட்டவர்னா விதியில இடம் இருக்கு சார். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். சீட்டு வேண்டாம்."

"ஒத்துக்கறேன்" என்றேன். "என் புகைதான். எல்லாம் என் புகைதான் பாபு."

அப்பயம்மா வாயில் எச்சில் வழிய எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தாள். "இல்ல! இவன் இல்ல! நான் பிடிச்ச சுருட்டு..."

"வாய மூடுடீ" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவளை அப்படி அதட்டியதில்லை. "வாய மூடிட்டு வண்டில ஏறு."

ஏறினாள். நானும் ஏறினேன். வண்டி கிளம்பும்போது பின்னால் ஊருக்கு விருது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் வாய்ப் பிரிவின் பூட்டைத் திறந்தார்கள். மேலண்ணத்தில் ஒரு பகுதியை அறுத்து எடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் எலும்புக்குப் போயிருக்கும் என்றார் டாக்டர் கிருபானந்தம். முழுக்கப் போய்விட்டதா என்று கேட்டேன். "சுருட்டை விட்டிருந்தாங்க, அதனால காயம் நல்லா ஆறுது" என்று மட்டும் சொன்னார். அப்பயம்மாவுக்குப் பேச்சு மூக்கு வழியாக வந்தது. அந்தக் குரலிலேயே என்னைத் திட்டத் தொடங்கினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கே பீடிக்கட்டை ஆஸ்பத்திரிச் சாக்கடையில் வீசினேன். போதும் என்று தோன்றிவிட்டது.

அவளுடைய தங்கையைத் துணைக்கு வைத்துவிட்டு, பல வாரம் கழித்து, மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்தேன். பனிக்கட்டி அறை எழும்பிக்கொண்டிருந்தது. யாராவது கல்லை விட்டு எறிவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன். என் வீட்டு வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பத்துப் பேருக்கு மேல் இருக்கும். என்னவோ மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, ஒருத்தி வாயிலும் சுருட்டு இல்லை.

காசுலம்மா எழுந்தாள்.

"எப்படி இருக்கா?"

"திட்டறா."

"அப்போ பொழச்சுக்குவா." முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "திரையில பார்த்த அன்னைக்கே நாங்க எல்லாரும் விட்டுட்டோம் அண்ணே. ஊர்ல இப்ப ஒருத்தியும் தொடறதில்ல. நிறையப் பேருக்கு வெளுப்பு மாறிடுச்சு, நல்லாயிட்டாங்க. அவங்க வீட்ல இருக்காங்க."

"நீங்க?"

அவள் வெயில் பக்கம் திரும்பி வாயைத் திறந்து காட்டினாள். பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருத்தியாகத் திறந்தார்கள். நான் இரண்டு பேருக்கு மேல் பார்க்கவில்லை.

"ஆபீசுக்குப் போனோம். நாலு பயனும் வாங்கினவங்களுக்குச் சீட்டு கிடையாதாம். அடுத்தவன் புகைன்னா மட்டும் பார்ப்பாங்களாம். உன் வீட்டுப் பக்கத்துலருந்துதான காத்து எங்க பக்கம் அடிக்குது? எங்க வாயும் உன் புகைதான்னு ஒரு வார்த்த சொல்லிடு அண்ணே. நேர்ல வந்து ஒரு தடவ உன் பீடி எரியறதப் பார்த்துட்டு, கேஸ் எழுதிக்கறேன்னுட்டாங்க அந்த மேடம். இப்ப வந்துடுவாங்க."

"நானும் விட்டுட்டேன் காசுலம்மா."

ஒரு சின்னப் பெண், போன வருடம்தான் கல்யாணமானவள், வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். தென்னந்தோப்புப் பக்கம் ஜீப் சத்தம் கேட்டது.

கடைக்குப் போய்ப் பீடிக்கட்டு வாங்கிவந்தேன். ஒன்றை உருவி உதட்டில் வைத்தேன். கடற்காற்றில் குச்சி இரண்டு முறை அணைந்துபோனது. மூன்றாவது குச்சியைக் காசுலம்மாவே உரசி, காற்றுக்குக் கையைக் குவித்துப் பிடித்தாள்.

"இழு அண்ணே" என்றாள். "நல்லா வெளிய தெரியற மாதிரி இழு."